ஏழாம் பிணத்தின் முகம்

ஏழாம் பிணத்துக்கு மூக்கு அரித்தது.

அரிக்கிற நேரமா அது? கண்ணுக்கெட்டிய தூரம் போர்க்களம். தாங் வம்சத்துப் படை தோற்று, வீரர்களும் ஊர் ஜனங்களும் செத்துக் கிடக்கிறார்கள். மேகங்களுக்குக் காவல் இருக்கும் தேவதை, தன் காதலனான தளபதியைத் தேடிப் பிணங்களுக்கு நடுவே நடந்து வருகிறாள். இந்தப் பிறவியில் அவன் போய்விட்டான். ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து ஷாங்காயில் ஒரு தடவை பிறப்பான், அப்புறம் நம் காலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை. அவன் எந்த வேஷத்தில் வந்தாலும் தேவதை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்வாள். படத்தின் மொத்தக் கதையும் அவ்வளவுதான்.

ஏழாம் பிணத்தின் பெயர் பான் தெஷான். வயது ஐம்பத்திரண்டு. படப்பிடிப்பு நகரமான ஹெங்தியானுக்கு வந்து பத்தொன்பது வருஷமாகத் துணை நடிகர். நான் ஒன்பதாம் பிணம். நடந்ததற்கு நான் கண்ணால் கண்ட சாட்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது. கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தேன். மிச்சத்தைத் தெஷானே பிறகு எனக்குச் சொன்னார். தன்னைத் தானே கேலி செய்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

"என் முதுகு எத்தனை படத்துல நடிச்சிருக்கு தெரியுமா? அதுக்கு ரசிகர் மன்றமே வைக்கலாம்," என்பார். "கால் ரெண்டும் அதைவிட சீனியர். மூஞ்சிக்குத்தான் இன்னும் வாய்ப்பு வரல."

உண்மை. பத்தொன்பது வருஷத்தில் குதிரைக்கு அடியில், கொடிக்குப் பின்னால், புகைக்குள், தண்ணீருக்குள் எல்லாம் இருந்திருக்கிறார். முகம் மட்டும் ஒரு ஃபிரேமில்கூட வந்ததில்லை.

போன மாதம் அவர் மனைவி யின்தி ஒரு முடிவு சொல்லிவிட்டாள். யின்தி என்றால் தம்பியைக் கூட்டி வா என்று அர்த்தம். பெண் பிறந்த வருத்தத்தில் வைத்த பெயர். பெயர் பலித்துத் தம்பி பிறந்தான். அந்தத் தம்பி இப்போது சொந்த மாகாணமான ஆன்ஹுயியில் வாத்துப் பண்ணை வைத்திருக்கிறான்.

"இந்தா பாருய்யா," என்றாள் யின்தி. "இந்த ஒரு படம்தான். நம்ம வீட்டு மூஞ்சி ஒண்ணாவது திரையில தெரியணும். தெரிஞ்சா இங்கயே இருப்போம். தெரியலேன்னா வசந்த விழாவுக்கு முன்னாடி மூட்டையைக் கட்டறோம். நீ வாத்து மேய்க்கறே."

தெஷானுக்கு வாத்தைக் கண்டால் பயம். சின்ன வயதில் ஒன்று துரத்தியிருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஊரில் எல்லோரிடமும் பத்தொன்பது வருஷமாக 'நான் நடிகன்' என்று சொல்லி வைத்திருக்கிறார். முகம் காட்டாமலே திரும்பிப் போனால் அந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

அதனால்தான் அன்றைக்கு, குப்புறக் கிடக்க வேண்டிய ஏழாம் பிணம், மூக்கு அரிப்பைச் சாக்காக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் காமிரா பக்கம் முகத்தைத் திருப்பியது.

உடனே பின்பக்கத்திலிருந்து விலாவில் ஓர் இடி விழுந்தது.

"அசையாதே," என்று எட்டாம் பிணம் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தது. போரில் சிக்கிய ஊர்ப் பெண் வேஷம்.

"உன் வேலையைப் பாரும்மா," என்று உதடு அசையாமல் சொன்னார் தெஷான்.

"செத்தவன் பேசாதே."

தெஷான் இன்னும் கொஞ்சம் திரும்பினார். அதில் இரும்புத் தொப்பி சற்றே சரிந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார். நாயகி வந்தாள், மண்டியிட்டாள், அழுதாள். தெஷானின் காதில் ஏதோ ஒரு சொட்டு பட்டுத் தெறித்தது.

"கட். அருமை," என்று வெய் டைரக்டரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "கண்ணைத் திறந்தபடி கிடந்த அந்தப் பிணத்தோட முகம் பார்த்தீங்களா? அதுமேல கண்ணீர் விழுந்துது பாருங்க, அதை அப்படியே வைங்க."

தெஷான் செத்த இடத்திலேயே சொர்க்கம் போனார்.

காட்சி முடிந்ததும் எங்கள் ஏஜென்ட் கோங் அண்ணன் வரிசையாக வந்து பிணங்களுக்கெல்லாம் சிவப்பு உறை கொடுத்தார். செத்தவனாக நடித்தால் தோஷம் கழிய அது கொடுத்தாக வேண்டும். சம்பளம் தாமதமானாலும் அது தாமதமாகாது.

"அண்ணே, என் முகம் காமிராவுல விழுந்துடுச்சு," என்றார் தெஷான்.

கோங் அண்ணன் முகம் சுளித்தார். "அப்ப இந்தப் படத்துல உன் கதை முடிஞ்சுது. ஒரு காலத்துல மூஞ்சி தெரிஞ்ச துணை நடிகன் இன்னொரு காலத்துல வரக்கூடாது. மறுபிறவி எல்லாம் ஹீரோ ஹீரோயினுக்குத்தான். நமக்கு ஒரு ஜென்மம்தான்."

இப்போது தெஷானுக்குப் புதுக் கவலை. படத்தொகுப்பில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டால்? வெட்டினால் வாத்து. ஒரே காட்சியை நம்பி இருக்க முடியாது. கைக்காவலுக்கு இன்னொன்று வேண்டும்.

வீட்டில் யின்தி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் விடியற்காலையில் எழுந்து பன் கடைக்கு வேலைக்குப் போகிறவள். எப்போது வருகிறாள், போகிறாள் என்று தெஷான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"ஹீரோயின் கண்ணீர் என் முகத்துல விழுந்துச்சு," என்றார்.

"அப்படியா? சூடா இருந்துச்சா?"

"அது... காதுக்குப் பக்கத்துல விழுந்துச்சு. பின்னாடி ஒருத்தி கிடந்தா பாரு, எட்டாம் பிணம். இடிச்சு இடிச்சே என்னைக் கொன்னுட்டா."

"ஆள் எப்படி?"

"யார் பார்த்தா? குரலைக் கேட்டாலே தெரியுதே. வீட்டுல புருஷனை உண்டு இல்லேன்னு பண்ற ரகம். அந்த ஆளு பாவம்."

அன்றைக்குக் கஞ்சிக்கு ஊறுகாய்கூட வரவில்லை.

சிவப்பு உறையை வழக்கம்போல் பிஸ்கட் டப்பாவில் போட்டார். செத்த ஒவ்வொரு தடவைக்கும் ஓர் உறை, எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். இந்தத் தடவை மூடி மூடவில்லை.

"என்ன இது, டப்பா நிறைஞ்சிடுச்சா?"

"எத்தனை தடவை செத்தேன்னு உனக்கே ஞாபகம் இல்ல," என்றாள் யின்தி. "அமுக்கி மூடு."

அமுக்கி மூடினார்.

மறுவாரம் ஷாங்காய் தெரு. குண்டு விழுகிறது, மழை கொட்டுகிறது, ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ஓடுகிறார்கள். தேவதை இப்போது பணக்கார வீட்டுப் பெண். கம்பளிச் சால்வை போர்த்தி ரிக்‌ஷாவில் போகிறாள். ரிக்‌ஷா இழுப்பவனுக்கு ஒரு வரி வசனம்கூட உண்டு: "வழி விடுங்க." தெஷான் மேக்கப்காரரைக் காக்காய் பிடித்து ஒரு தாடி வாங்கி ஒட்டிக்கொண்டார். கோங் அண்ணன் பார்த்தார், பெருமூச்சு விட்டார், ரிக்‌ஷாவைக் கொடுத்தார்.

தாடி வைத்த பிறகுதான் தெஷானுக்கு உறைத்தது. முகம் தெரிய வேண்டும் என்று வந்துவிட்டு முகத்தை மறைத்திருக்கிறார். கண்ணாவது தெரியுமே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

செயற்கை மழைக்குக் குழாயைத் திறந்தார்கள். தாடி ஒரு பக்கம் விட்டுக்கொண்டது. தெஷான் குனிந்து ஒரு கையால் அதை அழுத்தியபடி இழுத்தார். ஒரு கையால் இழுத்தால் ரிக்‌ஷா நகருமா? நகரவில்லை. அகதிக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்து பின்னாலிருந்து தள்ளினாள். வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பியது. தாடி கழன்று காற்றில் பறந்து நாயகியின் சால்வையில் போய் ஒட்டியது.

தளமே சிரித்தது. நாயகி சிரிக்கவில்லை. அது ஏதோ பூச்சி என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து ஒரு கரிபடிந்த கை நீண்டு தாடியைப் பிடுங்கித் தெஷானின் கையில் திணித்தது. "ஒட்டு, சீக்கிரம்," என்றது ஒரு குரல். தெஷான் திரும்பிப் பார்க்கவில்லை. காமிரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக்கொண்டே ஒட்டினார். தலைகீழாக ஒட்டிவிட்டார். அடுத்த தடவை காட்சி சரியாக வந்தது. "வழி விடுங்க" என்று அவர் கத்திய வசனம் இடிச் சத்தத்தில் போய்விட்டது, அது வேறு விஷயம்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் இடி விழுந்தது. காட்சிக்குக் காட்சி எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் உதவி இயக்குநர் ஒரு பெண், பெயர் நிங். கையில் டேப்லெட்டோடு கோங் அண்ணனிடம் வந்தாள்.

"கோங் அண்ணே, உங்க ஆளுங்கள்ல ஒரு மூஞ்சி தாங் காலத்துலயும் இருக்கு, ஷாங்காய்லயும் இருக்கு. டைரக்டர் பார்த்துட்டாரு. யாருன்னு கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

தெஷான் சாப்பாட்டை அப்படியே மூடினார். குனிந்து, அலங்கார வளைவுக்குப் பின்னால் நழுவி, வேறொரு படத்துக்குப் போட்டிருந்த ராணி அரண்மனை செட் வழியாக வெளியே போய்விட்டார்.

வீட்டில் யின்தி கழுத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது.

"பன் கடை அடுப்பா?" என்றார் தெஷான்.

"ஆமா. புகை."

"யின்தி, நான் செத்தேன். என் மூஞ்சி ரெண்டு காலத்துலயும் வந்துடுச்சாம். டைரக்டர் தேடறாரு."

யின்தியின் கை நின்றது. "தேடறாரா? எதுக்கு?"

"எதுக்கா? படம் கெட்டுப்போச்சுன்னா சும்மா விடுவாங்களா? கண்டுபிடிச்சா ரெண்டு காட்சியையும் வெட்டிடுவாங்க. ஆளையும் ஊரை விட்டே துரத்துவாங்க."

"துரத்திடுவாங்களா?" அவள் முகம் நிஜமாகவே வாடிப்போனது. "இது அவ்வளவு பெரிய தப்பா?"

தெஷானுக்கு நெஞ்சு உருகிவிட்டது. எவ்வளவு திட்டினாலும் இவளுக்கு நம் மேல் எத்தனை அக்கறை என்று நினைத்தார்.

"அப்ப நாளைக்குப் போக வேண்டாமா?" என்றாள் யின்தி மெதுவாக.

"போய்த்தான் ஆகணும். திடீர்னு வராம நின்னா சந்தேகம் வரும். மூஞ்சியே தெரியாத வேஷமாக் கேட்டு வாங்கிடறேன்."

"அதுதான் சரி," என்றாள் யின்தி. ரொம்ப நேரம் யோசித்தபடியே துண்டால் கழுத்தைத் துடைத்தாள்.

மூன்றாவது காலம், ஆஸ்பத்திரி வராந்தா. காதலன் இப்போது டாக்டர். மயங்கி விழுந்த தேவதையை அங்கே கொண்டு வருகிறார்கள். ஓரமாகக் கட்டிலில் ஒரு நோயாளி வேண்டும். தலை முதல் கழுத்து வரை கட்டு, ஒரு கால் கப்பியில் தொங்கும்.

"அண்ணே, அந்த வேஷம் எனக்கு," என்றார் தெஷான்.

கோங் அண்ணன் அவரையே பார்த்தார். "பத்தொன்பது வருஷமா மூஞ்சி மூஞ்சின்னு என் உயிரை எடுத்தியேப்பா. இப்ப மூட்டை கட்டி வைக்கற வேஷத்தை நீயே கேக்கறே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கலைக்காக, அண்ணே."

மேக்கப்காரர் சுற்றிய சுற்றில் கண்ணுக்கு ஒரு சின்ன இடுக்கு விட்டார். தெஷான் தலையை அசைத்ததும் அது நெற்றிக்குப் போய்விட்டது. மூச்சு மட்டும்தான் மிச்சம். யாரோ பக்கத்தில் தரை துடைக்கும் சத்தம் கேட்டது. துப்புரவு அம்மாள் போலிருக்கிறது.

"காமிரா எந்தப் பக்கம் இருக்கு?" என்று கட்டுக்குள்ளிருந்து கேட்டார். பழக்க தோஷம்.

"இடது பக்கம்," என்றது மாஸ்க் போட்ட குரல்.

தெஷான் இடது பக்கம் திரும்பினார். திரும்பிய பிறகுதான், எதைக் காட்டத் திரும்பினோம் என்று வெட்கமாக இருந்தது.

இரண்டு தடவை காட்சியை எடுத்து முடித்தார்கள். அடுத்ததற்கு விளக்கை மாற்றும்போது நிங்கின் குரல் வராந்தாவின் கோடியில் கேட்டது.

"துணை நடிகர்கள் எல்லாரும் நின்ன இடத்துலயே நில்லுங்க. மாஸ்க் போட்டவங்க கழட்டுங்க. நர்ஸுங்க தொப்பியை எடுங்க. இப்ப எடுத்ததுலயும் பாதி மறைச்சபடி அந்த மூஞ்சி இருக்கு. மூணு காலத்துலயும் ஒரே ஆளு. இன்னைக்குக் கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

கட்டுக்குள் தெஷானுக்கு வியர்த்துக் கொட்டியது. இத்தனை துணி சுற்றியும் தெரிந்துவிட்டதா? அப்படி என்ன முகம் இது? ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

செருப்புச் சத்தம் நெருங்கியது. தெஷான் தப்பிக்கப் பார்த்தார். எழுந்தார். கால் கப்பியில் இருப்பது மறந்துவிட்டது. கால் மேலே போனது, தலை கீழே வந்தது. குளுக்கோஸ் கம்பம் சாய்ந்து, டாக்டராக நின்ற நாயகனின் தோளில் விழுந்தது. பத்து உதவியாளர்கள் நாயகனை நோக்கி ஓடினார்கள். தெஷானை நோக்கி யாரும் ஓடவில்லை. அவர் தலைகீழாகத் தொங்கியபடியே கைகளைக் குவித்தார்.

"போதும், ஒத்துக்கறேன். நான்தான். ஏழாம் பிணம் நான்தான், ரிக்‌ஷாக்காரனும் நான்தான். வெட்டறதுன்னா வெட்டுங்க, துரத்தறதுன்னா துரத்துங்க. என் பொண்டாட்டிகிட்ட மட்டும் ஒரு தடவையாவது என் மூஞ்சி படத்துல இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. ஒரு தடவை இருந்தாப் போதும்."

நான் அன்றைக்கு வார்டு பாய். கோங் அண்ணனும் நானுமாக அவரைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தோம்.

"நீங்க யாரு?" என்றாள் நிங்.

"பான் தெஷான். ஏழாம் பிணம்."

நிங் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஏழாம் பிணம்னா... தொப்பி சரிஞ்சு மூக்கு நுனிகூடத் தெரியல. ரிக்‌ஷாக்காரர்னா... குனிஞ்ச தலையும் ஒரு தலைகீழ்த் தாடியும்தான் இருக்கு. இங்க பஞ்சு மூட்டை. ஐயா, உங்க மூஞ்சி ஒரு ஃபிரேம்லகூட இல்லையே. உங்களை யார் தேடினா?"

தெஷான் வாயைத் திறந்தார். கட்டுக்குள் அது யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப கண்ணீர்?" என்றார் கடைசியில். "என் மேல விழுந்துச்சே."

"உங்களுக்குப் பின்னாடி கிடந்த எட்டாம் பிணத்து மேல விழுந்துது. உங்களுக்குச் சாரல் பட்டிருக்கும்." நிங் நிமிர்ந்து தெஷானின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "சார், கிடைச்சுட்டாங்க. துடைப்பத்தோட இங்கயே நிக்கறாங்க."

வெய் டைரக்டர் வேகமாக வந்தார். தெஷானைக் கடந்து போனார். "நீங்கதானாம்மா? பயப்படாதீங்க, ஒரு காட்சியையும் வெட்டப் போறதில்ல. தேவதை ஒருத்தனை ஜென்மம் ஜென்மமாத் தேடி அலையற படத்துல, உங்க முகம் மூணு காலத்துலயும் ஒரு மூலையில நின்னு அதே பார்வை பார்க்குது. அதைப் பார்த்ததும் எனக்குக் கதையே மாறிப்போச்சு. கடைசிக் காட்சியில உங்களுக்கு வசனம் எழுதறேன். போஸ்டர்ல உங்க முகமும் வருது. எப்படிம்மா அப்படிப் பார்த்தீங்க? யாரைப் பார்த்தீங்க?"

தெஷான் தலையைத் தொங்கப்போட்டார். எவளோ ஒருத்திக்கு மூன்று ஜென்மம், போஸ்டர், வசனம். தனக்கு வாத்து.

"கோங் அண்ணே," என்றார் உடைந்த குரலில். "ஆன்ஹுயிக்கு ரயில் எத்தனை மணிக்கு?"

அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் அவர் தலைக்கட்டை அவிழ்க்கத் தொடங்கின. மெதுவாகத்தான் அவிழ்த்தன, ஆனால் ஒரு சுற்று முடியும்போது விலாவில் பழக்கமான ஓர் இடியும் விழுந்தது. கடைசிச் சுற்று நழுவியதும் தெஷான் திரும்பினார். மாஸ்க் தாடையில் தொங்க, கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக நின்றாள் யின்தி.

"மூணு ஜென்மமா உன் பக்கத்துலயே கிடக்கறேன்யா, இப்பத்தான் திரும்பிப் பார்க்கறே."